நியூட்ரலில் விட்டவன்

வேம்பு எதையும் மறக்கிற ஆள் இல்லை. நாலாம் வகுப்பில் தன் சிலேட்டை உடைத்த பையனின் கல்யாணத்துக்குப் போனான். மேடையேறிக் கை குலுக்கினான், போட்டோவுக்கு நின்றான், பந்தியில் மட்டும் உட்காராமல் வந்துவிட்டான். அவன் வீட்டுச் சோறு தனக்கு இறங்காது என்று மனைவியிடம் சொன்னான். அந்த மாப்பிள்ளைக்குச் சிலேட்டும் ஞாபகமில்லை, உடைத்ததும் ஞாபகமில்லை. இப்படிப்பட்ட ஒருவனைத்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் மண்ணில் விழ வைத்தார்கள். விழ வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

புதுச்சேரித் துறைமுகத்துக்குத் தெற்கே வரிசையாக இருக்கிற குப்பங்களில் ஒன்று அவனுடையது. பெயர் வேண்டாம், பஞ்சாயத்து என்று வந்தால் எல்லாக் குப்பமும் ஒரே மாதிரிதான். மச்சானோடு கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். மனைவி செல்வாம்பாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் அந்த மார்க்கெட்டில் கிடையாது. வேம்புக்கு அவளிடம் பயம் உண்டு, அதைவிட மரியாதை உண்டு. தன் நகையை அடகு வைத்து அவள்தான் அவனுக்குப் புது வலை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அந்த வலை கடலுக்குப் போன நாலாவது தடவையே ஒரு வெள்ளைப் படகு அதன்மேல் ஏறியது.

வெள்ளைப் படகு கிளாட்வினுடையது. கிளாட்வின் சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரான்சிலிருந்து வந்த பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, பெயின்ட் அடித்து, நட்சத்திரத்துக்கான பிரெஞ்சு வார்த்தையான ‘எத்துவால்’ என்பதைப் பெயராக எழுதி, சுற்றுலாக்காரர்களைச் சூரிய உதயம் பார்க்கக் கூட்டிப் போவான். நல்ல சிரிப்பு, நல்ல பேச்சு. தமிழில் ஒரு மாதிரியும் பிரெஞ்சில் இன்னொரு மாதிரியும் பேசுவான், இரண்டிலும் எதிராளி மயங்கிவிடுவான்.

அன்று விடிகிற நேரம் வெள்ளைப் படகு பாயை விரித்துக்கொண்டு நேராக வலைமேல் வந்தது. வேம்பு கத்தினான், துண்டை வீசிக் காட்டினான். படகு வலையைக் கடக்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி நின்று, ஒரு பக்கமாகச் சுழன்றது. கிளாட்வின் குனிந்து கத்தியால் எதையோ அறுத்தான். பிறகு பாய் மறுபடி காற்றைப் பிடித்தது, படகு போய்விட்டது. வேம்பு கிட்டே போய்ப் பார்த்தபோது பாதி வலை இல்லை. மீதிப் பாதியின் முனை கயிறு திரித்த மாதிரி முறுக்கிக் கிடந்தது.

அதைத் தூக்கிக்கொண்டுதான் பஞ்சாயத்துக்குப் போனான். கிளாட்வினும் வந்தான். அந்தக் குப்பத்துக் கடலைத் தாண்டாமல் அவன் படகு எங்கேயும் போக முடியாது என்பதால் கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும். தலைவர் கிருஷ்ணசாமி விசாரித்தார். தான் பாயில்தான் வந்ததாகவும், இன்ஜின் ஓடவே இல்லை என்றும், வலை சுக்கானில் லேசாகப் பட்டதை விலக்கிவிட்டதாகவும், வலை முன்பே கிழிந்திருந்தது என்றும் கிளாட்வின் சொன்னான். இல்லை, புரொப்பல்லர்தான் சுற்றி இழுத்தது, முறுக்கைப் பாருங்கள் என்றான் வேம்பு. மச்சான் சாட்சி சொல்ல எழுந்தான். சொந்தக்காரன் சாட்சி செல்லாது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

கிருஷ்ணசாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இன்ஜின் சத்தம் கேட்டியா வேம்பு?”

வேம்பு பொய் சொல்லியிருக்கலாம். கேட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

“கேக்கல” என்றான்.

கூட்டம் சிரித்தது. அவர்கள் சிரித்ததற்கும் காரணம் இருந்தது. குப்பத்துப் படகுகளில் இன்ஜின் பின்பக்கம் வெளியே தொங்கும். வலை போட்டதும் அதை நிறுத்தி, அப்படியே சாய்த்து, புரொப்பல்லரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார்கள். தன் வலையில் தானே சிக்கக் கூடாதே என்று சின்ன வயதிலிருந்து கைக்கு வந்த பழக்கம் அது. இன்ஜின் நின்றால் புரொப்பல்லர் ஆகாயத்தில் இருக்கும். அது நின்றுபோன இன்ஜினோடு தண்ணீருக்குள்ளேயே கிடந்து வரும் என்பதை அந்த ஊரில் ஒருவரும் கண்டதில்லை, வேம்பும்தான். தன் கண் பார்த்ததைச் சொன்னானே தவிர, எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. பொய்ப் பிராது கொடுத்ததற்காக வேம்பு சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டான். கோயில் எதிரே மணலில், கிளாட்வின் காலைப் பார்த்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வாய்க்குள் போன மணலை வீட்டுக்கு வரும்வரை துப்பவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குத் ‘தானாசுத்தி’ என்று பெயர். கடையில் டீ ஆற்றுகிறவன் டம்ளரைச் சுழற்றிக்காட்டிச் சிரிப்பான். மார்க்கெட்டில் செல்வாம்பாளின் தராசு லேசாக ஆடினால், தானா சுத்துது பாருடி என்பார்கள். அவள் சும்மா விடுகிறவள் இல்லை, பதிலுக்குக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நகையின் அடகுச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் வைப்பாள். அது வேம்பைத் தின்றது.

கிளாட்வின் அதோடு விட்டிருக்கலாம். அவன் நல்லவனாகப் பார்த்தான். வலை இல்லாமல் வேம்பு மற்றவர் படகில் கூலிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, தன் படகில் வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். நீரோட்டம் தெரிந்த ஆள் வேண்டும், பழசை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியனுப்பினான். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமாம். அவன் காலில் விழுந்த பிறகு அவன் சோற்றையும் தின்னப் போகிறாயா என்று செல்வாம்பாள் கேட்டாள்.

“போறேன்” என்றான் வேம்பு. “பக்கத்துல இருந்தாதான் எங்க அடிச்சா வலிக்கும்னு தெரியும்.”

முதல் நாளே தெரிந்துவிட்டது. முகத்துவாரம் தாண்டி, பாய் ஏற்றி, கிளாட்வின் இன்ஜினை நிறுத்தினான். சத்தம் அடங்கியது. அடங்கிய பிறகு கால் பலகைக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. பூனை உறுமுகிற மாதிரி, விடாமல். உள்ளங்காலில் லேசாக அதிர்ந்தது. இந்தப் படகில் இன்ஜின் வயிற்றுக்குள் இருந்தது, புரொப்பல்லர் அடியில் நிரந்தரமாகத் தண்ணீரில் இருந்தது. அதைத் தூக்க வழியே கிடையாது. வேம்பு குனிந்து பலகையில் காது வைத்தான்.

கிளாட்வின் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே, பக்கத்தில் இருந்த கியர் லீவரைப் பின்னால் தள்ளி ரிவர்ஸில் போடச் சொன்னான். வேம்பு தள்ளினான். உறுமல் பட்டென்று நின்றது.

“நியூட்ரல்ல விட்டா அது தானா சுத்திக்கினே கெடக்கும் அண்ணே” என்றான் கிளாட்வின். “இன்ஜின் நின்னாலும் தண்ணி தள்ளுதுல்ல.”

வேம்பின் கை லீவரிலேயே இருந்தது. எத்தனை நாளாக இது தெரியும் என்று கேட்டான்; குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். படகு வாங்கிய நாளிலிருந்தே என்றான் கிளாட்வின். படகைக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதானாம். சொல்லிவிட்டு ஒரு வாய் காபி குடித்தான். யாரிடம் என்ன சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. பஞ்சாயத்தை அவன் மறந்தே போயிருந்தான்.

அன்று மாலை அதைக் கேட்ட செல்வாம்பாள், இப்போதே தலைவரிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தாள். வேம்பு தடுத்தான். பொய்யன் என்று பெயர் வாங்கியவன் போய் இன்னொரு தடவை அதையே சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். கிளாட்வின் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி மணலில் விழ வேண்டியிருக்கும். தான் சொல்லிப் பயனில்லை. அவன் வாயால், அதே சபையில் அது வர வேண்டும். அவனாக ஏன் சொல்வான்? தன் தலை தப்ப வேறு வழி இல்லை என்றால் சொல்வான். அப்படி ஒரு நிலையில் அவனைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

அதற்காக வேம்பு வேலை கற்றுக்கொண்டான். வெறுப்போடு கற்றவன் என்பதால் ஒன்றையும் விடவில்லை. இன்ஜின் ஓடும்போதுதான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் ஏறும். பாயில் போகும்போது புரொப்பல்லரைச் சும்மா சுற்றவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் தேயும். அதனால் ரிவர்ஸில் போட்டுப் பூட்ட வேண்டும். முன் கியரில் போடவே கூடாது. படகு வேகம் பிடித்த பிறகு தள்ளினால் பல் உரசிக் கத்தும், வேகம் பிடிப்பதற்குள் தள்ளிவிட வேண்டும். திரும்பி வரும்போது இன்ஜினைத் தொடும் முன் மறக்காமல் நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பூட்டிய புரொப்பல்லர் படகைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். காற்று குறைந்த நாளில் கிளாட்வின் பொறுமையில்லாமல் அதைச் சுற்றவிட்டுவிடுவான். பயணிகளிடம் பேச்சு சுவாரசியமாகிவிட்டால் பூட்டவே மறந்துவிடுவான். வலை போன அன்று நடந்தது அதில் எது என்பது வேம்புக்குத் தேவையில்லை.

கொஞ்ச நாளில் லீவர் வேம்பின் வேலை என்று ஆகிவிட்டது. முன்னால் பார்த்துச் சொல்வதும் அவன் வேலைதான். பெரிய முன்பாய் விரிந்திருக்கும்போது சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருப்பவனுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை அண்ணே என்பான் கிளாட்வின்.

ஒருநாள் பயணிகள் முன்னால் படுத்துக்கொண்டு வெயில் காய்ந்தார்கள். கிளாட்வின் அவர்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சக்கரத்தைப் பிடித்திருந்த வேம்பு லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, பழைய வலைத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கத்தில் தண்ணீருக்குள் விட்டான். முதலில் அது மிதந்து வந்தது. பிறகு அடியில் போனது. கயிறு கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனது. உள்ளங்கைத் தோல் போயிற்று. எட்டிப்பார்த்தான். வலைத் துண்டு புரொப்பல்லர் தண்டில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. பஞ்சாயத்தில் அவன் தூக்கிக் காட்டிய அதே முறுக்கு. கரைக்கு வந்ததும் மூழ்கி அறுத்து எடுத்தான். அன்று வீட்டில் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான்.

அடுத்து சிக்க வேண்டியது யாருடைய வலை என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. கிருஷ்ணசாமியின் வலை. கறுப்புக் கொடி கட்டின மிதவை, ஊரிலேயே நீளமான வலை. அதில் பங்கு வாங்குகிற ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள், அவர்கள் வேம்புக்கு ஒரு தீங்கும் செய்தவர்கள் இல்லை. இரண்டு பேர் அன்று சிரிக்கக்கூட இல்லை. இது வேம்புக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தான். அவனை நியாயஸ்தன் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

தெற்குக் காற்று நன்றாக வீசிய ஒரு காலையில் எல்லாம் கூடிவந்தது. ஒரு புதுமணத் தம்பதி வந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது, அடியில் உறுமுவது யார் காதிலும் விழாது. கிளாட்வின் சக்கரத்தைப் பிடித்தபடி, வெள்ளைக்காரத் துரை கட்டின வீடுகளைப் பற்றி அந்தப் பெண்ணிடம் அளந்துகொண்டிருந்தான். பூட்டிவிட்டாயா என்று கேட்டான். ம் என்றான் வேம்பு. லீவர் நியூட்ரலில் இருந்தது.

முன்னால் போய் நின்றான். கறுப்புக் கொடிகள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் படகில் கிருஷ்ணசாமியே இருந்தார். எழுந்து நின்று கையை ஆட்டினார். வேம்பு பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் கிளாட்வின் சக்கரத்தைத் திருப்பியிருப்பான். அவ்வளவு நேரம் இருந்தது. மிதவைகள் படகின் அடியில் போயின. பலகை அதிர்ந்தது, படகு நின்று சுழன்றது, அந்தப் பெண் கையிலிருந்த காபி கொட்டியது.

கிருஷ்ணசாமியின் படகு பாய்ந்து வந்தது. வெள்ளைப் படகில் பாய் விரிந்திருக்கிறது, இன்ஜின் மூச்சுக்கூட விடவில்லை, ஆனால் தன் வலை அடியில் சுருண்டு கிடக்கிறது. ஊர்த் தலைவர் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். வேம்பைப் பார்த்தார். வேம்பு பாயை இறக்கினான்.

மறுநாள் சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. ஊரே வந்திருந்தது. பெண்கள் வழக்கம்போலப் பின்னால், கோயில் சுவர் ஓரமாக நின்றார்கள்; செல்வாம்பாள் மீன்கூடையோடு நேராக மார்க்கெட்டிலிருந்து வந்திருந்தாள். வலைக்கு யார் பொறுப்பு என்று கேள்வி வந்தது. படகு உன்னுடையது, சக்கரத்தைப் பிடித்தது நீ, அதனால் இனி இந்தக் கடலில் உன் படகு வரக் கூடாது என்று நாலு பேர் எழுந்து சொன்னார்கள். கிளாட்வினின் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. கடல் இல்லையென்றால் அவனுக்குப் படகு இல்லை.

வேம்பு கைகட்டி நின்றான். அவனுக்கு வேண்டியது எதிரே நிற்பவனின் தொண்டையில் ஏறிக்கொண்டிருந்தது.

“என் தப்பு இல்ல தலைவரே” என்றான் கிளாட்வின். “இவன்தான் வேணும்னே நியூட்ரல்ல விட்டுட்டான். பாயில போறப்ப ரிவர்ஸ்ல போட்டுப் பூட்டணும். பூட்டலன்னா இன்ஜின் நின்னாலும் புரொப்பல்லர் தானா சுத்தும், வலையச் சுருட்டிடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று கிளாட்வினுக்குத் தெரிந்தது.

“இன்னொரு தபா சொல்லு தம்பி” என்றான் வேம்பு.

அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கிருஷ்ணசாமி தலையைக் குனிந்துகொண்டார். அன்றும் பூட்டாமல்தான் வந்தாயா என்று கிளாட்வினைத் தாழ்ந்த குரலில் கேட்டார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். தெரிந்தேதான் பொய் சொன்னாயா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினான்.

வேம்பு முன்னால் வந்தான். ஆமாம், நான் வேண்டுமென்றேதான் விட்டேன், கொடியைப் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை என்றான். யாரும் சொல்லும் முன் கிருஷ்ணசாமியின் எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, அவர் எழச் சொன்னதும் எழுந்தான். வலையைத் தைத்து முடிக்கும்வரை கடலுக்குப் போகக் கூடாது, வலையின் பங்குக்காரர்களோடு உட்கார்ந்து அவனே தைக்க வேண்டும் என்றார்கள். சரி என்றான். செய்ததற்குத் தண்டனை வாங்குவது அவனுக்கு ஒரு பாரமாகவே இல்லை.

பிறகு கிளாட்வினின் முறை. அவன் செருப்பைக் கழற்றினான், கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தான், வேம்பின் காலைப் பார்த்து மணலில் விழுந்தான். பழி தீர்த்தால் மனசு வெறுமையாகப் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வேம்புக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. இனித்தது. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க இனித்தது.

சபையில் விழுந்தவனை எழச் சொல்ல வேண்டியது அநியாயப்பட்டவன்தான். வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. எல்லோரும் வேம்பைப் பார்த்தார்கள். அவன் சொல்லவில்லை. கிளாட்வினின் மூச்சில் மணல் அசைந்தது. போதும், சொல்லிவிடு என்றார் கிருஷ்ணசாமி.

“சொல்றேன் தலைவரே” என்றான் வேம்பு. “அன்னிக்கு எனக்குக் குடுத்த தீர்ப்பு தப்புன்னு நீங்க சொல்லுங்க. அப்பால நான் சொல்றேன்.”

அந்தக் குப்பத்தில் பஞ்சாயத்து தன் தீர்ப்பைத் தப்பு என்று சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் எழுந்தே விட்டார். கிருஷ்ணசாமி மணலில் கிடந்தவனைப் பார்த்தார், வேம்பைப் பார்த்தார். இவன் விடிய விடிய நிற்கிற ஆள் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே, “தப்புதான்” என்றார்.

வேம்பு எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னால் கோயில் சுவரோரத்திலிருந்து செல்வாம்பாளின் குரல் வந்தது.

“எங்களுக்குக் கேக்கல.”